அப்பாவின் இருமல் மட்டும் கேட்ட இரவுகள்

எங்கள் வீடு பழவந்தாங்கல் ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடைத் தொலைவில் இருக்கிறது. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடும் மின்சார ரயில்கள் நள்ளிரவை ஒட்டித்தான் ஓய்கின்றன. விடியற்காலை 4 மணிவாக்கில் மறுபடியும் தொடங்கிவிடுகின்றன. இடைப்பட்ட நேரத்தில் தென்மாவட்டங்களுக்குப் போய்வரும் விரைவு ரயில்களும், மீனம்பாக்கத்தில் இரவு முழுவதும் ஏறி இறங்கும் விமானங்களும் உண்டு. ஊரிலிருந்து வந்து தங்கும் உறவினர்கள், இந்தச் சத்தத்தில் எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்காமல் திரும்பியதில்லை. இருபது ஆண்டுகளாக நான் நன்றாகத்தான் தூங்கினேன். அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, என் வீட்டின் பக்கத்து அறையில் படுக்கையான பிறகும் ரயிலும் விமானமும் என்னை எழுப்பவில்லை. ஆனால் கதவு சாத்தியிருந்த அந்த அறையில் அவர் ஒருமுறை இருமினால், அடுத்த நொடி நான் எழுந்து உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவைப் பார்த்துக்கொண்ட அந்தப் பதினான்கு மாதங்களில், தூங்கும் மூளை எதைக் காவல் காக்கிறது, எதைக் கைவிடுகிறது என்பதை நான் வேறு வழியின்றிக் கற்றுக்கொண்டேன். வீட்டில் முதியவரையோ நோயாளியையோ வைத்துக்கொண்டு இரவில் பாதிக் கண்ணோடு தூங்குகிற யாருக்காவது இது பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

கண்ணுக்கு இமை இருக்கிறது, காதுக்கு இல்லை. தூங்கும்போதும் ஒலி காதுக்குள் நுழைகிறது. நரம்பு வழியே மேலேறுகிறது. மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸ் என்னும் பகுதியை அடைகிறது. விழித்திருக்கும்போது பெரும்பாலான புலன் செய்திகளை மூளையின் மேலடுக்கான புறணிக்குக் கடத்திவிடும் இந்த இடம், தூக்கத்தில் வாசலைப் பெருமளவு சாத்திவைக்கிறது. அப்படிச் சாத்திவைப்பதன் ஓர் அடையாளத்தை மூளை அலைப் பதிவில் பார்க்க முடியும். நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை துடித்து, அரை நொடிக்குச் சற்றுக் கூடுதலாக நீடித்து அடங்கும் அந்த அலைக்கொத்தை நூற்கதிர் போன்ற வடிவத்தால் கதிரலை என்கிறார்கள். ஒருவருக்கு இரவில் இந்தக் கதிரலைகள் எவ்வளவு மிகுதியாக எழுகின்றனவோ அவ்வளவுக்கு அவர் இரைச்சலைத் தாங்கித் தூங்குகிறார் என்பதை 2010-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு காட்டியது.

வாசல் சாத்தியிருந்தாலும் வாசலில் ஆள் இருக்கிறார் என்பதே எனக்கு வியப்பளித்த செய்தி. 1930-களில் ஆல்ஃபிரெட் லூமிஸ் என்ற அமெரிக்கரின் குழுவினர், தூங்குபவரின் அறையில் சிறு ஒலி எழுந்ததும் மூளை அலையில் ஒரு பெரிய ஒற்றை அலை எழுந்து விழுவதைக் கண்டார்கள். கே-காம்ப்ளெக்ஸ் என்று அதற்குப் பெயரிட்டார்கள். 1960-ல் இயன் ஆஸ்வால்டும் அவருடன் பணியாற்றியவர்களும் பிரிட்டனில் வேறொன்றைச் சோதித்தார்கள். தூங்குபவர்களுக்குப் பல பெயர்களை ஒலிநாடாவில் வரிசையாகப் போட்டார்கள். தன் பெயர் வந்தபோது அந்த அலை கூடுதலாக எழுந்தது. அதே பெயரை நாடாவில் பின்னோக்கி ஓட்டியபோது அப்படி எழவில்லை. தன் பெயர் கேட்டால் கையை இறுக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தவர்கள், தூக்கத்திலேயே பல தடவை கையை இறுக்கவும் செய்தார்கள். பெயர் நேராக ஒலித்தாலும் பின்னோக்கி ஒலித்தாலும் சத்தத்தின் அளவு ஒன்றுதான், பொருள்தான் வேறு. ஆகவே, சத்தம் எவ்வளவு என்பதைவிட அது யாருடையது, தனக்கு உரியதா என்பதையே தூங்கும் மூளை ஆராய்கிறது. ரயில் எனக்கு உரியதல்ல என்பதை அது இருபது ஆண்டுகளில் தீர்மானித்துவிட்டது; அப்பாவின் இருமல் எனக்கு உரியது என்பதைத் தீர்மானிக்க ஒரே வாரம்தான் எடுத்துக்கொண்டது.

மருத்துவமனையில் கழித்த முதல் இரவு இதற்கு நேரெதிரானது. உடன் தங்குபவர்களுக்கென்று சுவரோரம் போட்டிருந்த குறுகிய கட்டிலில், தள்ளுவண்டியின் சக்கரம், செவிலியர்களின் பேச்சு, பக்கத்துப் படுக்கையின் கருவி ஒலி என ஒவ்வொன்றுக்கும் விழித்துக்கொண்டே இருந்தேன். கவலையால்தான் தூக்கம் வரவில்லை என்று அன்று எண்ணினேன். கவலை இருந்தது உண்மை. ஆனால் மூன்றாம் இரவில், கவலை அப்படியே இருக்க, தூக்கம் மட்டும் வந்துவிட்டது. புது இடத்தில் முதல் இரவு தூக்கம் கெடுவதைத் தூக்க ஆய்வாளர்கள் 1960-களிலிருந்தே பதிவு செய்திருக்கிறார்கள். அதன் உட்காரணத்தை 2016-ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தவர்கள், அந்த முதல் இரவில் மூளையின் இடது பாதியில் ஒரு வலைப்பின்னல் வலது பாதியைவிட ஆழம் குறைந்தே தூங்குகிறது என்று கண்டார்கள். இடது பாதிக்குச் செய்தி மிகுதியாகப் போகும் வலது காதில் அன்னிய ஒலி எழுப்பினால், ஆட்கள் விரைவாக விழித்தார்கள்; சில நாள் கழித்து அதே இடத்தில் தூங்கியபோது இந்த வேறுபாடு மறைந்துவிட்டது. இது தெரிந்திருந்தால், அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் இரவே நான் அங்கே தங்கத் தொடங்கியிருக்க மாட்டேன். அந்த இரவுக்குத் தம்பியை அனுப்பிவிட்டு, வீட்டில் நன்றாகத் தூங்கி, தெளிந்த தலையோடு மறுநாள் போயிருப்பேன். மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றில் பாதியை நான் கேட்க மறந்தது அந்தக் காலையில்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு, சனிக்கிழமை இரவுகளில் தம்பி அம்பத்தூரிலிருந்து வந்து அப்பாவின் அறையில் படுத்துக்கொள்வான். முதல் சனிக்கிழமைக்கு மறுநாள் காலையில், அப்பா மூன்று முறை இருமினார், ஒருமுறை தண்ணீர் கேட்டார் என்று அவன் சொன்னபோது எனக்கு உண்மையாகவே திகைப்பாக இருந்தது. அதே கட்டில், அதே சுவர், அதே இருமல். ஒன்றும் என் காதில் விழவில்லை. இன்று உனக்குப் பொறுப்பில்லை என்ற செய்தி, படுக்கும் முன்பே என் மூளைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மழைக்காலம் முடிந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் வாத்துகள் வந்து இறங்கும்போதெல்லாம் இப்போது எனக்கு இந்த நினைவு வருகிறது. விழிப்பான தூக்கத்துக்கு நாம் கோழித்தூக்கம் என்று பெயர் வைத்திருக்கிறோம். நீல்ஸ் ராட்டன்போர்க் என்ற ஆய்வாளர் வாத்துகளை வரிசையாகத் தூங்கவிட்டு ஆராய்ந்து 1999-ல் ஒன்றை வெளியிட்டார். வரிசையின் ஓரத்தில் இருக்கும் வாத்து, நடுவில் இருப்பதைவிட மிகுதியான நேரம் ஒரு கண்ணைத் திறந்துகொண்டு, மூளையின் ஒரு பாதியை மட்டும் தூங்கவிடுகிறது. திறந்திருக்கும் அந்தக் கண் கூட்டத்துக்கு வெளிப்புறத்தையே பார்த்திருக்கிறது. நடு வாத்து இரண்டு கண்ணையும் மூடிக்கொள்கிறது. எத்தனை இரவுகள் நான் ஓர வாத்தாகவே இருந்துவிட்டேன் என்று எண்ணிப் பார்த்தேன். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான். வாரத்தில் ஓர் இரவையாவது இன்னொருவரிடம் முழுமையாக ஒப்படையுங்கள். "ஏதாவது என்றால் என்னை எழுப்பு" என்ற பின்குறிப்போடு ஒப்படைத்தால், மூளை அந்தப் பின்குறிப்பைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் வாசலில் நிற்கும்.

அப்பா திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்தவர். பார்த்தசாரதி கோயிலுக்குள் பள்ளிகொண்டிருக்கும் ரங்கநாதரைச் சிறுவயதிலிருந்து பார்த்தவர். நீங்கள் இருமினால் போதும், நான் வந்துவிடுவேன் என்று நான் ஒருநாள் பெருமையாகச் சொன்னபோது அவர், "அறிதுயில் பெருமாளுக்குத்தான் பாப்பா, நமக்கெல்லாம் வெறும் துயில்தான்" என்றார். அவர் சொன்னதன் உண்மை இரண்டு மாதங்களில் விளங்கியது.

அவருக்கு இருபத்தைந்து ஆண்டுகளாக நீரிழிவு; காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. ஒருநாள் மாலை வழக்கமான அளவு ஊசியைப் போட்டுவிட்டேன். ஆனால் அவர் இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிட்டார். இரவு முழுவதும் ஓர் இருமல்கூட இல்லை. இரண்டரை மணிக்குத் தற்செயலாக எழுந்து குளியலறைக்குப் போனவள், திரும்பும் வழியில் கதவைத் திறந்து பார்த்தேன். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, தலையணை ஈரமாக இருந்தது. கூப்பிட்டதற்குப் பொருளற்ற ஏதோ முணுமுணுத்தார். குளுக்கோமீட்டரில் 46 காட்டியது. விழுங்கும் நிலையில் இருந்தார் என்பதால், நிமிர்த்தி உட்காரவைத்து மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது 78. பிறகு பாலும் இரண்டு ரொட்டியும் கொடுத்து, விடியும்வரை அவர் காலடியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அன்று இருவருடைய காவலும் தவறியிருந்தது. என் மூளை ஒலிக்காகக் காத்திருந்தது, ஒலியே எழவில்லை. அவருடைய உடம்போ, விழித்திருக்கும்போது தரக்கூடிய எச்சரிக்கையைத் தரவில்லை. இரத்தச் சர்க்கரை இறங்கினால் அட்ரினலின் சுரந்து, நடுக்கமும் படபடப்பும் பசியும் எடுத்து, ஆள் தானே எழுந்து எதையாவது வாயில் போட்டுக்கொள்வார். தூக்கத்தில் இந்தச் சுரப்பு மட்டுப்பட்டுவிடுகிறது என்பதை 1998-ல், முதல்வகை நீரிழிவு உள்ள வளரிளம் பருவத்தினரிடம் செய்த ஆய்வு தெளிவாகக் காட்டியது. நெடுநாள் இன்சுலின் எடுப்பவர்களுக்கு விழித்திருக்கும்போதே இந்த எச்சரிக்கை மங்கிப்போவதும் உண்டு. ஆகவே நோயாளி அமைதியாகத் தூங்குகிறார் என்பது மட்டும் நல்ல செய்தி ஆகாது. மறுநாள் மருத்துவர் மாலை ஊசியின் அளவைக் குறைத்தார். படுக்கும் முன் சர்க்கரை பார்ப்பதையும், குறைவாக இருந்தால் சிறிது உணவு கொடுப்பதையும், சில வாரங்களுக்கு இரவு 3 மணிக்கு ஒருமுறை சோதிப்பதையும் கட்டாயமாக்கினார். விடியலில் கெட்ட கனவுகளைச் சொல்வது, தலைவலியோடு எழுவது, சட்டை நனைந்திருப்பது ஆகியவையும் இரவில் சர்க்கரை இறங்கியதன் தடயங்களாக இருக்கலாம் என்று அவர்தான் சொன்னார். அப்பா அதற்கு முந்தைய வாரத்தில் இரண்டு முறை கெட்ட கனவு என்று சொல்லியிருந்தார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நோயாளி நினைவிழந்திருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மூக்கு இதைவிட மோசமான காவலாளி. ஒருநாள் இரவு அப்பாவுக்குப் பால் காய்ச்சும்போது பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது. திருகை நான் முழுவதுமாக மூடவில்லை. நான்கு மணி ரயிலின் நேரத்தில் வழக்கம்போல் விழிப்பு வந்து, கூடத்துக்கு வந்தபோதுதான் நாற்றம் முகத்தில் அடித்தது. எரிவாயுவுக்கு இயல்பில் மணம் கிடையாது, கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். அந்த நாற்றம் மணிக்கணக்காக வீட்டில் இருந்தும் மூவரில் ஒருவர்கூட எழவில்லை. 2004-ல் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள், தூங்குபவர்களின் மூக்கருகே புதினா மணத்தையும் பிரிடின் என்னும் கடும் துர்நாற்றத்தையும் செலுத்திப் பார்த்தார்கள். கண் அயரும் தொடக்க நிலையில் இருந்தவர்கள் உணர்ந்தார்கள். ஆழ்ந்த தூக்கத்தில் இருந்தவர்களை மணம் எழுப்பவே இல்லை, கனவு மிகுந்த ரெம் தூக்கத்தில் இருந்தவர்களையும் பெரும்பாலும் எழுப்பவில்லை, ஒலிதான் எழுப்பியது. புகையும் அப்படித்தான், புகை நாற்றம் நம்மை எழுப்பிவிடும் என்று யாரும் நம்பிப் படுக்கக் கூடாது. அன்று நான் விளக்குப் பொத்தானைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, சன்னல்களைத் திறந்து, மகனை எழுப்பி இருவருமாக அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து வாசலுக்கு நகர்த்தினோம். எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். அப்பாவின் கட்டிலோ விழுந்துவிடக் கூடாதென்று நாங்களே உயரம் குறைத்துப் போட்டது. அன்றிலிருந்து படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடுவது பல் தேய்ப்பதைப் போல ஆகிவிட்டது. கசிவு என்றால் வெளியே வந்து நின்று 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பது குளிர்சாதனப் பெட்டியின் மேல் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது.

மகனை எழுப்பியது பற்றிச் சொன்னேன். அவனுக்கு அப்போது வயது பதினான்கு. கைப்பேசி அலாரம் தலைமாட்டில் அலறினாலும் அசைய மாட்டான். அந்த வயதின் முன்னிரவுத் தூக்கம் அவ்வளவு ஆழமானது. ஆனால் பெயரைச் சொல்லித் தோளைத் தொட்டால் எழுந்துவிடுவான். அமெரிக்காவின் ஒஹையோவில் 2006-ல் வெளியான ஆய்வொன்றில், 6 முதல் 12 வயதுள்ள 24 குழந்தைகளில் 23 பேர், தாய் தன் குரலில் பெயரைச் சொல்லி அழைத்த ஒலிப்பதிவுக்கு விழித்தார்கள். வழக்கமான கீச்சென்ற புகை எச்சரிக்கை ஒலிக்கு விழித்தவர்கள் 14 பேர்தான். நானும் அப்பாவுக்கு முதலில் பூஜை மணியைக் கையில் கொடுத்து வைத்திருந்தேன். மணியை அடித்தும் நான் வரவில்லை என்று அவர் இரண்டு முறை வருத்தப்பட்டார். கோயில் மணியும் ஐஸ் வண்டி மணியும் கேட்டுப் பழகிய மூளை, அதையும் ரயிலோடு சேர்த்துத் தள்ளிவிட்டது போலிருக்கிறது. பிறகு குழந்தைகளின் அறையில் வைக்கும் ஒலிபரப்பிக் கருவி ஒன்றை வாங்கி அவர் தலைமாட்டில் வைத்தோம். "பாப்பா" என்று அவர் மெல்ல அழைத்தாலே போதுமானதாக இருந்தது.

இரவு 3 மணிச் சோதனைக்கு முதல் வாரம் அலாரம் வைத்தேன். இரண்டாம் வாரத்திலிருந்து அலாரம் அடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பே கண் திறந்துகொண்டது. ஜெர்மனியின் லூபெக் பல்கலைக்கழகத்தில் யான் போர்னும் சக ஆய்வாளர்களும் 1999-ல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்குகிறது. காலை 6 மணிக்கு எழுப்புவோம் என்று சொல்லித் தூங்கவிட்டவர்களின் இரத்தத்தில், உடலை நாளுக்குத் தயார்படுத்தும் ஏ.சி.டி.எச். என்னும் இயக்குநீர் 5 மணியிலிருந்தே ஏறத் தொடங்கியது; 9 மணி என்று சொல்லிவிட்டு 6 மணிக்கு எழுப்பியபோது அந்த முன்கூட்டிய ஏற்றம் இல்லை. வேளையை மனத்தில் குறித்துக்கொண்டு படுப்பது வெறும் நம்பிக்கையல்ல. ஆனாலும் நான் அலாரத்தை நிறுத்திவிடவில்லை. உயிர் சம்பந்தப்பட்ட வேலையை உள்ளக் கடிகாரத்திடம் மட்டும் விட மனம் ஒப்பவில்லை.

விழித்துக்கொள்வது வேறு, தெளிவது வேறு என்பதையும் ஓர் இரவு கற்பித்தது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து சட்டென்று எழுந்து, வலிக்கான மாத்திரைக்குப் பதிலாகக் காலையில் கொடுக்க வேண்டிய இரத்த அழுத்த மாத்திரையைப் பிரித்து, அப்பாவின் கையில் வைத்துவிட்டேன். நிறத்தைப் பார்த்து அவர்தான் தடுத்தார். எழுந்தபின் பதினைந்து நிமிடம், சில சமயம் அரைமணி நேரம்கூட, கால் நடக்கும், வாய் பேசும், முடிவெடுக்கும் பகுதி மட்டும் பின்தங்கியே இருக்கும். அதன்பிறகு இரவு மாத்திரைகளைப் பகலிலேயே தனிச் சிமிழில் எடுத்துவைத்தேன். மற்ற மருந்துகளை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அப்பாவைத் தூக்கி நிறுத்தும் முன் விளக்கைப் போட்டு, முகம் கழுவி, ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் கை கொடுத்தேன். இன்சுலின் அளவு பற்றிய எந்த முடிவையும் இரவில் எடுப்பதில்லை.

இத்தனை காவலுக்கும் உடம்பு விலை கொடுக்கிறது. ஹீத்ரோ, மால்பென்சா உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய விமான நிலையங்களின் அருகே வசிக்கும் 140 பேரின் இரத்த அழுத்தத்தை இரவில் அளந்து 2008-ல் வெளியான ஆய்வில், விமானம் கடந்த வேளைகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்களின் மேல் அழுத்தம் சராசரியாக 6 புள்ளிகள் ஏறியிருந்தது. அவர்கள் விழிக்கவே இல்லை. ரயிலும் விமானமும் என்னைத் தொடவில்லை என்று இருபது ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்த நான், இதைப் படித்த அன்றே கட்டிலைத் தண்டவாளத்துப் பக்கச் சன்னலிலிருந்து பின்னறைக்கு மாற்றினேன். தடித்த திரைச்சீலையும் போட்டேன். நம் நாட்டு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 மணிவரை 45 டெசிபெல்லுக்கு மேல் ஒலி இருக்கக் கூடாது. எங்கள் தெருவில் அந்த வரம்பு காக்கப்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. அது பற்றி எழுத வேண்டியவற்றைத் தனியே எழுத வேண்டும்.

அப்பா இப்போது கைத்தடியோடு நடக்கிறார். தம்பி வீட்டுக்கு மாறி ஐந்து மாதங்கள் ஆகின்றன. கையில் ஒட்டும் சர்க்கரை உணரி ஒன்று, 70-க்குக் கீழே இறங்கினால் தம்பியின் கைப்பேசியை ஒலிக்கவைக்கிறது. அவர் போன பிறகும் முதல் சில வாரங்கள் நான் 2.50-க்கு எழுந்து, காலியாக இருந்த அந்த அறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்து படுத்தேன். பிறகு தம்பியிடம் ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். இரவு 10 மணிக்கு அவன் அப்பாவின் சர்க்கரை எண்ணை எனக்கு அனுப்புகிறான். அதனுடன் "இன்று நான் இருக்கிறேன், அக்கா" என்ற வரியையும் சேர்த்து அனுப்புகிறான். நேற்று வந்த எண் 142. நான்கு மணி ரயில் போனதுகூட எனக்குத் தெரியவில்லை.